ரோமானியச் சிப்பாயை வைத்துச் சரித்திரக் கதை எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

இன்றைய இஸ்ரேலில் உள்ள மசாடா மலைக்கோட்டையில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு ஒன்றில் ஒரு ரோமானியச் சிப்பாயின் சம்பளக் கணக்கு இருக்கிறது. பெயர் கையஸ் மெஸ்ஸியஸ், ஊர் பெய்ரூட், காலம் கி.பி. 70கள். ஒரு தவணைச் சம்பளம் 50 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு). பிடித்தம் இப்படி: பார்லிக்கு 16, சாப்பாட்டுக்கு 20, பூட்ஸுக்கு 5, தோல்வார்களுக்கு 2, லினன் சட்டைக்கு 7. கூட்டிப் பாருங்கள், சரியாக 50 வரும். கைக்கு ஒரு காசு வரவில்லை.

ரோமானியப் படைவீரனைப் பற்றிக் கதை எழுத உட்காருகிறவர், வாளையும் கேடயத்தையும் தேடிப் போவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நம் சரித்திரக் கதைகள் நம்மை அரண்மனை, குதிரை, இளவரசி, சதி என்று பழக்கிவிட்டன. ரோமானியச் சிப்பாயின் கதையோ ரேஷன் மூட்டையிலும் லீவு லெட்டரிலும் கடன் பாக்கியிலும் இருக்கிறது. போரும் வரும், ஆனால் எப்போதாவதுதான். இந்த வழிகாட்டி அந்த நம்பிக்கையில் எழுதியது.

படி 1: ஒரு கோட்டை, ஒரு வருடம்

"பண்டைய ரோம்" என்று ஒரு காலமே கிடையாது. கிட்டத்தட்ட ஆயிரம் வருடங்களை ஒரே பையில் போட்டுக் கட்டிய பெயர் அது. கி.மு. 200இல் படைக்குப் போனவன் சொந்த நிலம் வைத்திருந்த விவசாயி, சண்டை முடிந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவன். கி.பி. 100இல் இருப்பவன் இருபத்தைந்து வருடம் ஒப்பந்தம் போட்ட முழுநேரச் சம்பளக்காரன். இருவருக்கும் ஒரே ஆயுதம், ஒரே கவலை, ஒரே பேச்சு என்று எழுதினால் கதை முதல் பக்கத்திலேயே ஆட்டம் காணும்.

அதனால் முதலில் இடத்தையும் வருடத்தையும் முடிவு செய்யுங்கள். முதல் கதை என்றால் என் சிபாரிசு விந்தோலாண்டா, கி.பி. 104 முதல் 105 வரை. இன்றைய இங்கிலாந்தின் வட கோடியில் இருந்த ஒரு துணைப்படைக் கோட்டை அது, அதாவது பெரும்பாலும் ரோமானியக் குடியுரிமை இல்லாத வீரர்களின் கோட்டை. அந்த வருடங்களில் அங்கே இருந்தது ஒன்பதாவது பட்டாவியப் படைப்பிரிவு. தளபதி பிளாவியஸ் கெரியாலிஸ், அவர் மனைவி சுல்பிசியா லெபிடினா. இவர்கள் எல்லாம் நிஜ மனிதர்கள், இவர்களுடைய கடிதங்களே நம் கையில் இருக்கின்றன. 105 வாக்கில் டேசியாவில் (இன்றைய ருமேனியா) நடந்த போருக்காக அந்தப் படைப்பிரிவு டான்யூப் பக்கம் அனுப்பப்பட்டது. ஆக, கதைக்கு ஒரு கெடுவும் தயாராகக் கிடைக்கிறது: எல்லோரும் மூட்டை கட்டப் போகிறார்கள், ஆனால் அது அவர்களுக்கு இன்னும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. விந்தோலாண்டா என்றதும் பலருக்கும் ரோமானியர் அங்கே கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவர்தான் ஞாபகம் வரும். அந்தச் சுவரைக் கட்ட ஆரம்பித்தது 122இல். உங்கள் சிப்பாய் 104இல் வடக்கே பார்த்தால் புல்வெளியும் மழையும் தெரியும், சுவர் தெரியாது.

படி 2: கடிதங்களைப் படியுங்கள்

1973இல் தொல்லியலாளர் ராபின் பேர்லி விந்தோலாண்டாவில் ஒரு பள்ளம் தோண்டும்போது மெல்லிய மரச் சீவல்கள் கிடைத்தன. தபால் அட்டை அளவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம், மேலே கரி மையில் லத்தீன் எழுத்து. காற்றுப் புகாத ஈரமண் அவற்றை மக்கவிடாமல் வைத்திருந்தது. படைப்பிரிவு கோட்டையைக் காலி செய்தபோது பழைய காகிதக் கட்டைக் கொளுத்துவதுபோல இவற்றில் பலவற்றைத் தீயில் போட்டிருக்கிறார்கள், தீ முழுசாகப் பிடிக்காததால் நமக்கு மிஞ்சியது. மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

இவற்றில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன.

வெளியிடத்தில் முகாமிட்டிருந்த மாஸ்க்ளஸ் என்ற குதிரைப்படை அதிகாரி கெரியாலிஸுக்கு எழுதுகிறான். நாளைக்கு என்ன செய்ய வேண்டும், கொடியோடு எல்லோரும் திரும்ப வேண்டுமா, பாதிப் பேர் போதுமா என்று கேட்கிறான். கடைசியில் ஒரு வரி: என் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். இன்னொரு கடிதத்தில், முகம் தெரியாத யாரோ ஒரு சிப்பாய்க்குக் காலுறைகளும் இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு ஜட்டியும் அனுப்பியிருக்கிறார்கள். கிராட்டியஸ் என்பவன் லண்டனில் குதிரைக்காரனாக இருந்த தன் பழைய அறைத்தோழன் வெல்டெயஸுக்கு, "இத்தனை நாளாக ஏன் பதில் போடவில்லை" என்று கோபித்துக்கொள்கிறான். அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே, கால்நடை வைத்தியர் தருவதாகச் சொன்ன கத்தரிக்கோல் என்ன ஆச்சு என்றும் விசாரிக்கிறான். ஆக்டேவியஸ் என்பவர், தானியம் வாங்க முன்பணம் கொடுத்துவிட்டேன், உடனே பணம் அனுப்பாவிட்டால் மானம் போகும் என்று புலம்புகிறார். தோல் சரக்கை எடுத்து வந்திருக்கலாம், ரோடு மோசமாக இருக்கும்போது வண்டி இழுக்கும் விலங்குகளை வதைக்க விருப்பமில்லை என்றும் சொல்கிறார்.

படிக்கும்போது ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் அந்தக் கடிதத்தில் இருக்கும் பொருள், இன்னொன்றில் அதை எழுதியவனுக்கு அந்த நிமிஷத்தில் இருந்த தேவை. பீர், தாகம் என்று அல்ல. பீர், தன் ஆட்கள் முன்னால் மரியாதை என்று எழுதிப் பாருங்கள். கதை இரண்டாவது பத்தியிலிருந்துதான் பிறக்கும்.

விந்தோலாண்டாவைத் தாண்டிப் போகிறவர்களுக்கு எகிப்து இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் அங்கிருந்து இத்தாலியின் மிசேனம் கடற்படைக்குப் போன ஆப்பியோன் என்ற பையன், கடலில் ஆபத்திலிருந்து செராபிஸ் கடவுள் காப்பாற்றினார் என்று அப்பாவுக்கு எழுதுகிறான். வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு கிடைத்ததாம், இனி தன் பெயர் அன்டோனியஸ் மாக்ஸிமஸாம். தன் உருவப்படத்தையும் ஆள் மூலம் அனுப்பியிருக்கிறான். 107இல் அரேபியாவிலிருந்து எழுதிய ஜூலியஸ் அப்பொல்லினாரியஸ் வேறு ரகம். மற்றவர்கள் நாள் முழுக்கக் கல் உடைக்கிறார்கள், எனக்கு ஆபீஸ் வேலை, சும்மா சுற்றி வருகிறேன் என்று வீட்டுக்குப் பெருமை அடிக்கிறான்.

படி 3: ஆளை உருவாக்குங்கள்

முதல் கேள்வி: லெஜியனா (ரோமின் முதன்மைப் படை), துணைப்படையா? லெஜியன் வீரன் ரோமானியக் குடிமகன். துணைப்படைக்காரன் பெரும்பாலும் குடியுரிமை இல்லாதவன், 25 வருடம் வேலை பார்த்து முடித்தால் குடியுரிமை கிடைக்கும். அதற்கு அத்தாட்சியாக வெண்கலத் தகட்டில் பொறித்த பத்திரம் உண்டு. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லெஜியன் பக்கமே போகிறார்கள். எனக்கு என்னவோ துணைப்படைக்காரன்தான் பிடிக்கும். தன்னுடையது அல்லாத ஒரு பேரரசுக்காக, தன்னுடையது அல்லாத ஒரு நாட்டில், இன்னொருவன் நிலத்தைக் காவல் காக்கிறான். அதைவிட என்ன வேண்டும் ஒரு கதைக்கு?

பட்டாவியர்கள் ரைன் ஆற்றின் முகத்துவாரத்துக்காரர்கள், இன்றைய நெதர்லாந்து. வரி கிடையாது, அதற்குப் பதிலாக ஆள் தர வேண்டும். ஆயுதத்தோடும் குதிரையோடும் ஆற்றை நீந்திக் கடப்பதில் பேர் போனவர்கள். கி.பி. 69இல் சிவிலிஸ் என்பவர் தலைமையில் இவர்கள் ரோமுக்கு எதிராகவே கிளம்பினார்கள். 70இல் அதை அடக்கிய ரோமானியத் தளபதியின் பெயர் பெட்டிலியஸ் கெரியாலிஸ்.

பெயரைக் கவனித்தீர்களா? விந்தோலாண்டாத் தளபதி பெயரும் கெரியாலிஸ்தான். அவரும் பட்டாவிய மேட்டுக்குடியில் பிறந்தவர், கலகத்தில் ரோம் பக்கம் நின்ற குடும்பம் அந்தத் தளபதியின் பெயரையே பிள்ளைக்கு வைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போது நம் சிப்பாயைப் பாருங்கள். 104இல் அவனுக்கு முப்பத்தெட்டு வயது என்று வைத்துக்கொள்வோம். கலகத்தின்போது மூன்று வயது. அப்பா சிவிலிஸோடு போனவர், திரும்பவில்லை. தினமும் காலையில், அப்பாவைத் தோற்கடித்தவரின் பெயரைத் தாங்கிய ஒருவர் முன்னால் விறைப்பாக நிற்கிறான். அவரும் இவன் ஊர்க்காரர், இவன் மொழி பேசுகிறவர். மாஸ்க்ளஸ் அந்தப் பீர்க் கடிதத்தில் அவரை "என் அரசருக்கு" என்றே விளிக்கிறான்.

இதற்கு மேல் சதித்திட்டம், ரகசிய மோதிரம், தொலைந்துபோன இளவரசன் எதுவும் வேண்டாம். இருக்கிற வரலாறே முடிச்சைப் போட்டுக் கொடுத்துவிட்டது.

பெயர் வைக்கும்போது மூன்று பகுதிப் பெயரை எல்லோருக்கும் மாட்டிவிடாதீர்கள். அது குடிமகனின் பெயர். சாதாரணத் துணைப்படைச் சிப்பாய்க்கு ஒற்றைப் பெயர்தான். மரச்சீவல்களிலேயே வேண்டிய அளவு பட்டாவியப் பெயர்கள் இருக்கின்றன, அவற்றின் சாயலில் ஒன்று வையுங்கள்.

படி 4: அவன் நாளைக் கட்டுங்கள்

விந்தோலாண்டாவில் இதற்குச் சில வருடம் முன்பு இருந்த துங்ரியப் படைப்பிரிவின் ஆள்கணக்கு ஒன்று கிடைத்திருக்கிறது, தேதி மே 18. மொத்தம் 752 பேர். கோட்டையில் இல்லாதவர்கள் 456. அவர்களில் 337 பேர் பக்கத்தில் உள்ள கோரியாவில், 46 பேர் ஆளுநரின் காவல் பணியில், ஒரு நூற்றுவர் தலைவன் லண்டனில், மற்றவர்கள் அங்கங்கே. கோட்டையில் இருந்த 296 பேரில் 15 பேர் நோயாளி, 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்வலி. வேலைக்கு லாயக்கானவர்கள் 265.

இந்த ஒரு கணக்கே பல சினிமாக் காட்சிகளைக் குப்பையில் போடப் போதும். கோட்டை முழுக்க ஆள் நிரம்பி வழியவில்லை, பாதிக்கு மேல் காலி. காயம்பட்டவர்களைவிடக் கண்வலிக்காரர்கள் அதிகம். கண்வலி எதனால்? கணப்புப் புகை, தூசி, ஒரே துணியால் நாலு பேர் முகம் துடைப்பது என்று நீங்களே யோசிக்கலாம். போர்க்காயத்தோடு வரும் நாயகனை எல்லோரும் எழுதுகிறார்கள். சிவந்த கண்ணோடு பீளை வடிய இரவுக் காவலுக்குப் போகிறவனை எழுதிப் பாருங்கள்.

தூங்கும் இடம்: எட்டுப் பேருக்கு ஒரு ஜாகை. முன்னறையில் தளவாடம், பின்னறையில் படுக்கை. பத்து ஜாகை சேர்ந்தால் ஒரு நூற்றுவர் அணி, அதாவது 80 பேர். பெயரில்தான் நூறு. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு "நூற்றுக்கு அதிபதி" பழக்கமான ஆள், அவர் கையில் உண்மையில் இருந்தது எண்பது பேர்தான்.

சாப்பாடு: பெரிய கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதெல்லாம் கிடையாது. தானியம் அளந்து கொடுப்பார்கள், ஜாகைக்காரர்கள் கைத்திரிகையில் தாங்களே அரைத்து ரொட்டியோ கஞ்சியோ செய்துகொள்ள வேண்டும். எட்டுப் பேருக்கு தினம் யார் அரைப்பது என்பதில் எவ்வளவு சண்டை வந்திருக்கும் என்று யோசியுங்கள்! தண்டனை என்றால் கோதுமைக்குப் பதில் பார்லி. தளபதி வீட்டுச் சமையல்கட்டு வேறு. அங்கிருந்து போன மாதிரித் தெரியும் ஒரு வாங்கல் பட்டியலில் இருபது கோழி, நல்லதாகக் கிடைத்தால் நூறு ஆப்பிள், நியாய விலைக்கு வந்தால் நூறோ இருநூறோ முட்டை, மீன்சாறு, ஆலிவ் என்று போகிறது. நியாய விலைக்கு வந்தால் என்று எழுதிய கை, மளிகைச் சீட்டு எழுதும் எந்த வீட்டுக்கும் புரியும் கை.

இன்னொரு கணக்கில் கம்பாக்ஸ் என்ற ஒருவன் 2 தெனாரியஸுக்கு மிளகு வாங்கியிருக்கிறான். அந்தக் காலத்து ரோமானிய மிளகு மலபார்க் கரையிலிருந்து, முசிறி போன்ற துறைமுகங்களில் கப்பலேறிச் செங்கடல் வழியாக அலெக்ஸாண்டிரியா போய்ச் சேர்ந்த சரக்கு. நம்மூர் வாசகருக்கு இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது. ஆனால் இதைச் சாக்கிட்டு உங்கள் சிப்பாயை முசிறிக்கே கப்பலேற்றிவிடாதீர்கள். முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் வருகிறார்கள் என்பது உண்மை, ஆனால் மேற்கிலிருந்து வந்த பலரையும் யவனர் என்றுதான் சொன்னார்கள். அதை வைத்து லெஜியன் வந்தது என்று சொல்ல முடியாது. மிளகு மட்டும் வரட்டும்; அவன் மூக்கில் ஏறட்டும், விலை கேட்டு மற்றவர்கள் சிரிக்கட்டும்.

வாசனையை விட்டுவிடாதீர்கள். தரையில் புல்லும் பெரணியும் பரப்பி, அழுக்கானதும் அதன்மேலேயே புதிதாகப் பரப்பியிருக்கிறார்கள். அகழாய்வில் அந்த அடுக்குகளுக்குள் மாட்டுத்தொழுவ ஈக்களின் கூட்டுப்புழுக்கள் கிடைத்தன. தளபதி வீட்டிலும்கூட.

நேரத்துக்கு ஒரு வார்த்தை. பகல் எவ்வளவு நீளமானாலும் அதைப் பன்னிரண்டாகப் பிரிப்பது ரோமானிய வழக்கம். வட இங்கிலாந்தில் டிசம்பரில் ஒரு "மணி" சுமார் 35 நிமிடம், ஜூனில் 85 நிமிடத்துக்கு மேல். குளிர்காலப் பகல்காவல் சட்டென்று முடியும், இரவுக்காவல் முடியவே முடியாது. பத்து நிமிடம் கழித்து, ஒரு நொடியில் என்றெல்லாம் எழுதிவிட்டால் பிறகு திருத்திக்கொள்ளுங்கள்.

படி 5: அவனுக்கு என்ன வேண்டும்?

பேரரசைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்தச் சிப்பாயும் காலையில் எழுந்திருக்க மாட்டான். சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். விந்தோலாண்டாவில் கெரியாலிஸ் பெயருக்கு வந்த லீவு விண்ணப்பங்களே பல இருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு: ஐயா, என்னை விடுப்புத் தரத் தகுந்தவன் என்று கருதும்படி வேண்டுகிறேன். ஒருவன் கோரியா போக லீவு கேட்கிறான். எதற்கு என்று எழுதவில்லை. அந்தக் காலியிடம் முழுக்க உங்களுக்குத்தான்.

பணம் வேண்டுமானால் இந்தப் பின்னணி போதும். பேரரசர் அகஸ்டஸ் காலத்திலிருந்து லெஜியன் வீரனுக்கு வருடத்துக்கு 225 தெனாரியஸ், தவணை முறையில். பின்னால் வந்த பேரரசர் டொமிஷியன் அதை 300 ஆக்கினார். எகிப்தில் கிடைத்த கி.பி. 81ஆம் வருடக் கணக்கொன்றில் சாப்பாடு, பூட்ஸ், துணிமணி, வைக்கோல் எல்லாம் போக, முகாமின் சாட்டர்னேலியா என்ற டிசம்பர்ப் பண்டிகைச் செலவுக்கும் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். பண்டிகை கொண்டாட்டத்துக்கே பிடித்தம்! துணைப்படைக்காரன் கதையில் தொகை எழுதாமலே சமாளிக்கலாம், என்ன பிடித்தார்கள் என்பதைச் சொன்னால் போதும்.

அதிகாரம் என்றால் நூற்றுவர் தலைவன்தான். அவன் கையில் திராட்சைக் கொடிக் கம்பு இருக்கும், அது பதவிச் சின்னமும் அடிக்கிற தடியும். கி.பி. 14இல் டான்யூப் பக்கத்து மாகாணமான பன்னோனியாவில் நடந்த படைக் கலகத்தைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதும்போது லூசிலியஸ் என்ற ஒருவனைச் சொல்கிறார். சிப்பாய் முதுகில் கம்பு ஒடிந்ததும் "இன்னொண்ணு கொண்டா" என்று கத்துவானாம், அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. கலகத்தில் அவனைக் கொன்றுவிட்டார்கள். அதே சமயம் ரைன் கரையில் நடந்த கலகத்தில், வயதான சிப்பாய்கள் தளபதி ஜெர்மானிக்கஸின் கையை முத்தமிடுவதுபோல் பிடித்து, அவர் விரலைத் தங்கள் வாய்க்குள் விட்டுப் பல்லில்லாத ஈறைத் தடவிப் பார்க்க வைத்தார்கள். இத்தனை வருடம் வேலை வாங்கியும் விடுதலை தரவில்லை என்பதற்குச் சாட்சி. இதைவிடக் கூர்மையான ஒரு சைகையை யாரும் கற்பனையில் செய்துவிட முடியாது. உங்கள் கதையிலும் கோரிக்கையைப் பேச்சாக வைக்காமல், இப்படி உடம்பால் சொல்ல வைக்க முடியுமா என்று பாருங்கள்.

படி 6: கோட்டையில் சிப்பாய் மட்டும் இல்லை

சட்டப்படி சிப்பாய்க்குக் கல்யாணம் கிடையாது. அந்தத் தடை இரண்டாம் நூற்றாண்டின் முடிவில் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் காலம் வரை நீடித்தது. நடைமுறை வேறு. விந்தோலாண்டாவில் ஆயிரக்கணக்கில் கிடைத்த செருப்புகளில் பெண்களுடையதும் குழந்தைகளுடையதும் இருக்கின்றன, சிப்பாய் ஜாகைகளிலிருந்தே. சட்டம் ஒப்புக்கொள்ளாத ஒரு குடும்பம், படை டான்யூபுக்குக் கிளம்பும்போது என்ன ஆகும்? 105ஐ நோக்கி நகரும் கதையில் இந்தக் கேள்வி தானாகவே வந்து உட்காரும்.

தளபதிகளின் மனைவியருக்கு ஒரு தனி உலகம். கிளாடியா செவெரா தன் பிறந்தநாளுக்கு, செப்டம்பர் 11ஆம் தேதிக்கு, லெபிடினாவை அழைத்து எழுதிய கடிதம் இருக்கிறது. எழுத்தன் எழுதி முடித்ததும் கடைசி வரிகளை அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள், தங்கையை அழைப்பது போன்ற பாசத்தோடு. ஒரு பெண் லத்தீனில் தன் கைப்பட எழுதிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அது.

அடிமைகளை மறைக்காதீர்கள். தளபதி வீட்டில் தண்ணீர் சுமந்ததும் அடுப்பு மூட்டியதும் அவர்கள்தான். உள்ளூர் பிரிட்டானியர்களையும் காட்டுவாசிக் கூட்டமாகக் காட்ட வேண்டாம். அவர்களை இளக்காரமாக "குட்டி பிரிட்டன்கள்" என்று குறிப்பிடும் ஒரு சீவல் உண்டு. அந்த இளக்காரம் உங்கள் பாத்திரத்தின் வாயில் வரலாம், உங்கள் நடையில் வரக் கூடாது. சில வருடம் பிந்திய இன்னொரு சீவலில், கடல் கடந்து வந்த ஒரு வியாபாரி தன்னைக் கம்பால் அடித்ததாக முறையிடுகிறார். தளபதிக்கு உடம்பு சரியில்லை, நூற்றுவர் தலைவர்களும் கேட்கவில்லை, கடைசியில் மேலிடத்துக்கே எழுதுகிறார். அந்த வரைவு கிடைத்தது நூற்றுவர் தலைவன் குடியிருப்புப் பக்கத்தில். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதே ஒரு சிறுகதை.

படி 7: எந்தத் தமிழில் பேச வைப்பது?

பலரும் சறுக்குவது இங்கேதான். "மன்னா, தங்கள் சித்தம் என் பாக்கியம்" வகையறா ரோமானிய முகாமில் ஒட்டாது. அதற்காகக் கோயம்பேடு பேச்சையும் கொண்டுபோக முடியாது. நான் சொல்வது: விவரிப்பு சாதாரண எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பேச்சு, எந்த ஊர் என்று அடையாளம் தெரியாத மிதமான பேச்சுத் தமிழில் இருக்கட்டும். மேலதிகாரியிடம் "ஐயா". சமமானவர்களுக்குள் அண்ணன் தம்பி உறவு, ஏனென்றால் அவர்களே கடிதத்தில் ஒருவரையொருவர் சகோதரா என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். இளையவனை "டா" போடலாம்.

ஒரு சின்ன மாதிரி, சம்பள நாள்:

எழுத்தன் தலை நிமிரவில்லை. "பூட்ஸ்?"
"போன தவணையிலேயே பிடிச்சாச்சு ஐயா."
"அது போன பூட்ஸ்." மை தொட்டு ஒரு கோடு போட்டான். "பண்டிகைச் செலவு."
"பண்டிகைக்கு நான் ஊர்லயே இல்லையே ஐயா. கோரியாவுல காவல்ல இருந்தேன்."
"அங்கே பண்டிகை நடக்கலையா?"
பின்னால் நின்றவன் தோளில் இடித்தான். "வாங்கிட்டு வாண்ணே, மழை வருது."
அவன் குனிந்து பார்த்தான். இடதுகால் பூட்ஸின் அடியில் பாதி ஆணி விழுந்திருந்தது.

இதில் லத்தீன் சொல் ஒன்றுகூட இல்லை, தேதி இல்லை, விளக்கம் இல்லை. இருந்தும் பிடித்தம், வெளிக்காவல், அடிப்பகுதியில் ஆணி அடித்த பூட்ஸ் மூன்றும் வந்துவிட்டன. லத்தீன் சொற்களைப் போட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்துக்கு ஒன்று போதும், அதுவும் பக்கத்துச் சொல்லிலேயே பொருள் புரிகிற மாதிரி.

படி 8: சண்டைக் காட்சி

ஒன்று போதும். அதையும் ஒரு ஆளின் கண் உயரத்தில் எழுதுங்கள். மலைமேல் நின்று பார்ப்பதுபோல அணிவகுப்பை விவரித்தால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும். கேடய விளிம்பு, முன்னால் நிற்பவனின் கழுத்து, காலடியில் சேறு, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். குதிரைப்படையை எழுதினால் அங்கவடி (கால் வைக்கும் வளையம்) கிடையாது என்பதை மறக்காதீர்கள், சேணத்தின் நான்கு கொம்புகள்தான் பிடிமானம்.

பயிற்சியைச் சண்டையைவிட விரிவாக எழுதலாம். ரோமானியரின் பயிற்சி ரத்தம் சிந்தாத போர், அவர்கள் போர் ரத்தம் சிந்தும் பயிற்சி என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். சுமையையும் அவரே பட்டியல் போடுகிறார்: ரம்பம், கூடை, மண்வெட்டி, கோடாரி, தோல்வார், அரிவாள், சங்கிலி, மூன்று நாள் சாப்பாடு. சுமை கழுதைக்கும் இவர்களுக்கும் அதிக வித்தியாசமில்லை என்றும் சொல்கிறார். படைக்கலை பற்றி எழுதிய வெஜிஷியஸ் சொல்லும் கணக்குப்படி, ஐந்து கோடைகால மணிக்குள் 20 ரோமானிய மைல், அதாவது கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவர் சில நூற்றாண்டு பிந்தியவர், பழைய படை இப்படி இருந்தது என்று ஆசையோடு எழுதுகிறவர். கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: அடித்துத் திருத்துவது

முதல் வரைவு முடிந்ததும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சி நெடி அடிக்கும் வரிகளைக் கோடு போடுங்கள். நீங்கள் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த விஷயம் என்பதற்காகவே ஒரு வரி உட்கார்ந்திருந்தால் அதை எடுத்துவிடலாம். பாத்திரத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு பாத்திரம் அவனுக்கே விளக்கினால் அதையும்.

அப்புறம் சமையல்கட்டைச் சோதியுங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், மிளகாய் நான்கும் அமெரிக்கச் சரக்கு, இன்னும் பதினான்கு நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். சர்க்கரைக்குப் பதில் தேன். கடிதம் சுருட்டிய ஓலையாக வந்தால் மாற்றுங்கள், இந்தக் கோட்டையில் அது நடுவில் மடித்து நூலால் கட்டிய மரச்சீவல், முகவரி வெளிப்பக்கம். எல்லோரும் இரும்புப் பட்டைக் கவசம் போட்டிருந்தால் பாதிப் பேருக்கு மேல் கழற்றுங்கள். துணைப்படைக்காரனுக்கு வளையக் கவசம்தான் வழக்கம். அதன் துருவைத் தேய்த்தே அவன் வாழ்நாளில் பாதி போயிருக்கும்.

படி 10: கதைக்குப் பின்னால் ஒரு பக்கம்

எது நிஜம், எது உங்கள் கற்பனை என்று கடைசியில் ஒரு பக்கம் எழுதுங்கள். கெரியாலிஸ், லெபிடினா, செவெரா, மாஸ்க்ளஸ் நிஜம். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது நீங்கள் எழுதியது. கலகத்தில் செத்த அப்பா உங்களுடையவர். சாட்சி இருப்பதை மாற்றியிருந்தால், உதாரணமாக வேறு வருடத்துச் சீவலைக் கதை வருடத்துக்கு இழுத்திருந்தால், அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். வியாபாரியின் முறையீட்டை 104க்குக் கொண்டுவர நினைத்தால் இந்தப் பக்கத்தில் ஒரு வரி போதும், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

எடுத்த எடுப்பில் மூன்று பாக நாவல் வேண்டாம். ஒரு சம்பள நாள், ஒரு லீவு லெட்டர், அல்லது பீர் தீர்ந்துபோன அந்த வெளிமுகாமின் ஒரு ராத்திரி, இதில் ஒன்றை எடுத்துப் பத்துப் பக்கச் சிறுகதையாக எழுதி முடியுங்கள். மாஸ்க்ளஸுக்குப் பீர் வந்து சேர்ந்ததா என்று எந்தச் சீவலும் சொல்லவில்லை. தொடங்க நல்ல இடம் அது.